பன்னிரண்டு மணிச் சங்கு

"இன்னைக்குச் சங்கு ஊதுனதும் வரலன்னா பட்டினி கெட. ஆறிப்போனத மூடி வெச்சுக்கிட்டு உனக்காகக் காத்துக் கெடக்க என்னால ஆகாது."

காலையில் என் தங்கை எனாமை இப்படித் திட்டித்தான் அனுப்பினேன். முகத்தைத் திருப்பிக்கொண்டு ஓடத்தை அவிழ்த்து மட்டி எடுக்கப் போய்விட்டாள். அவள் கோபித்துக்கொண்டு போன நாளில் எனக்கு வேலை ஓடாது.

ஆற்றின் மேற்புறத்து அணையில் மதகு திறந்தால் எச்சரிப்பதற்கென்று வைத்த சங்கை, அணைக்காரர்கள் தினமும் உச்சிவேளையில் ஊதிப் பார்ப்பார்கள். எங்களுக்கு அது சாப்பாட்டுச் சங்கு. அதைக் கேட்டுத்தான் நான் என் சாப்பாட்டுக் கடையில், சோளமாவைத் தோகையில் பொதிந்து அவிக்கும் கெங்கிப் பானையை அடுப்பிலிருந்து இறக்குவேன். ஆற்றுக்குள் முங்கிக் கிடக்கும் எனாமுக்கு மட்டும் அது என்றைக்கும் கேட்டதில்லை.

அன்று வானம் இருட்டி, பொழுது தெரியாமல் கிடந்தது. இருப்புக்கொள்ளாமல் அடுப்புக்கும் வாசலுக்குமாக நடந்துகொண்டிருந்தேன். சங்கு ஊதியது. பானையை இறக்கினேன். முதல் ஆளாக வந்த மீன்காரி அஃபிவா சோளத்தோகையைப் பிரித்து ஒரு வாய் கடித்துத் துப்பினாள்.

"என்னடி இது, உள்ள பச்சை மாவு? புருஷன் நெனப்புல வெறகு வைக்க மறந்துட்டியா?"

விறகில் குறையில்லை. பானை ஏறி எவ்வளவு நேரமாயிற்று என்று யோசித்தேன். வழக்கமாக வேகும் நேரத்தில் பாதிகூட ஆகியிருக்கவில்லை.

"மணி பன்னெண்டு ஆகல, அஃபிவா. இது நெசச் சங்கு. தண்ணி வருது."

கடையில் எல்லோரும் சிரித்தார்கள்.

"இவ கெங்கி வேகலன்னா அணையத் தொறந்துட்டாங்கன்னு அர்த்தமாம்" என்றாள் அஃபிவா.

நான் ஓடினேன். வோல்டா ஆறு கலங்கிப் பெருகி, கரையில் மீனுக்குப் புகை போடும் அடுப்புகள் வரை ஏறியிருந்தது. எனாம் ஓடத்தைக் கட்டும் கம்பத்தைக் காணவில்லை. அவள் பெயரைச் சொல்லிக் கத்தினேன். பட்டினி கெட என்று சொல்லித்தானே அனுப்பினேன், பாவி நான்.

"இங்க என்னக்கா பண்ற?"

பின்னால் நின்றாள். தலையில் கால்கூடை மட்டி.

"கடைக்குப் போனா நீ இல்ல. சங்குக்கு வரலன்னா பட்டினின்னியே. அதான் இன்னைக்குப் பாதி நேரம் முங்காம, ஓடத்துலயே காதத் தீட்டிக்கிட்டுக் கெடந்தேன். ஊதுனதும் ஓடி வந்துட்டேன். எங்க என் கெங்கி?"

அதற்குள் தெருவில் சிரிப்பு அடங்கி, ஊரே பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு மேட்டைப் பார்த்து ஓடியது. அவள் கையைப் பிடித்து இழுத்தேன்.

"இன்னும் வேகலடி" என்றேன். அழுதுகொண்டே ஓடினேன்.