முப்பத்தேழாவது அடி

மைதானத்தில் கோடு போடுகிறவனை யாரும் பார்ப்பதில்லை. கோடு கோணலாகப் போனால் மட்டும் ஊரே பார்க்கும். பதினெட்டு வருடமாகச் சுண்ணாம்பு வண்டி தள்ளுகிறேன், ஒரு நாளும் ஊர் என்னைப் பார்த்ததில்லை. அதில் எனக்குக் கொஞ்சம் திமிர் உண்டு, ஒத்துக்கொள்கிறேன்.

எங்கள் அளவு டேப்புக்கு முதல் அடி கிடையாது. புல் வெட்டும் மெஷின் அதைத் தின்றுவிட்டது. ஆகவே அது ஒன்றிலிருந்துதான் தொடங்கும். புது டேப் கேட்டு மேலாளருக்கு நான் எழுதிய கடிதங்களை வரிசையாக ஒட்டியிருந்தால் அதுவே நல்ல டேப்பாகியிருக்கும். கேட்டுக் கேட்டு அலுத்துப்போய், நானும் மச்சானும் ஓர் ஏற்பாட்டுக்கு வந்தோம். மச்சான் என்றால் என் மனைவியின் தம்பி, வேலையில் எனக்கு உதவியாள். நான் உண்மையான அளவைச் சொல்ல வேண்டும். அவன் ஒன்று கூட்டிக்கொண்டு ஆணி அடிக்க வேண்டும். முப்பத்தாறு என்றால் டேப்பில் முப்பத்தேழு. ஆறு வருடமாக ஒரு விரற்கடை பிசகியதில்லை.

இப்படியிருக்க, பதினேழு வயதுக்கு உட்பட்ட பெண்களுக்கான ஆறு நாட்டுப் போட்டி எங்கள் மைதானத்துக்கு வந்தது. எங்கள் நாட்டு அணியின் கோல்கீப்பர் யார் தெரியுமா? என் மகள். கடைசி லீக் ஆட்டத்தில் ஜெயித்தால் அரையிறுதி. டிரா ஆனால்கூட மூட்டையைக் கட்டிக்கொண்டு வீட்டுக்கு வர வேண்டியதுதான். மூன்று வருடமாக அவள் விடியற்காலையில் எழுந்து விழுந்து புரண்டதெல்லாம் அந்த ஓர் ஆட்டத்துக்காகத்தான்.

அன்று காலை ஒரு பக்கத்து கோலுக்கு அளந்து முடித்தோம். எதிர்ப்பக்கம் போகும்போது மச்சான் சும்மா இருக்கக் கூடாதா? அவளுக்குப் பந்து பிடிக்கச் சொல்லிக்கொடுத்ததே தான்தான் என்றான். அப்போது தினமும் அவளுக்குப் பந்து உதைத்துப்போட்டவன் யார், பக்கத்து வீட்டுக்காரனா என்று நான் கேட்டேன். பேச்சு முற்றி, பேச்சே நின்றுவிட்டது. அவன் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு டேப்பைப் பிடித்தான். கோபத்தில் இருக்கிறவன் கூட்ட மறந்துவிடுவான் என்று நானே ஒன்று கூட்டி, கோல் கோட்டிலிருந்து முப்பத்தாறு அடியில் வர வேண்டிய பெனால்டி புள்ளிக்கு "முப்பத்தேழு" என்று சுண்ணாம்பு வண்டியைப் பார்த்துச் சொன்னேன்.

ஆட்டம் தொடங்கியது. முதல் பாதியிலேயே நாங்கள் ஒரு கோல் முன்னிலை. சந்தோஷத்தில் இடைவேளையின்போது மச்சானே சமாதானமாக வந்தான். எவ்வளவு கோபம் இருந்தாலும் வேலையில் காட்டமாட்டேன், காலையில்கூட என்ன எண் என்று யோசிக்காமலே ஒன்று கூட்டினேன், மறக்கவில்லை என்று பெருமையாகச் சொன்னான்.

நான் விரல் விட்டுக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். நானும் கூட்டி, அவனும் கூட்டி, அந்தப் பக்கத்துப் புள்ளி ஓர் அடி தள்ளிப்போயிருந்தது. இரண்டாம் பாதியில் என் மகள் நிற்கப் போவது அந்த கோலில்தான்.

விஷயத்தைச் சொன்னதும் மச்சான் வெளுத்துப்போனான். பெனால்டி வந்தால்தானே வம்பு, வராது என்று என்னைத் தேற்றினான். நானும் வாயை மூடிக்கொண்டேன். என் பெண்ணின் ஆட்டம், நான் எதற்குக் கெடுப்பானேன்?

எண்பதாவது நிமிடம் பெனால்டி வந்தது. எங்களுக்கு எதிராக.

"கம்முனு இருங்க மாமா," என்றான் மச்சான். "ஒரு அடி தூரம் கூடினா நம்ம பொண்ணுக்குத்தானே நல்லது."

இருந்திருப்பேன். ஆனால் உதைக்க வந்த எதிரணிப் பெண் பந்தைப் புள்ளியில் வைத்து, நகர்த்தி, மறுபடியும் சரியாக நடுவில் வைத்தாள். யாரோ ஒருவன் ஒழுங்காக அளந்திருப்பான் என்ற நம்பிக்கையில்தானே அத்தனை கவனம்? எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. டேப்பை எடுத்துக்கொண்டு மைதானத்துக்குள் ஓடினேன். சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்த ஆண்டி என்று மச்சான் பின்னாலிருந்து சொன்னது காதில் விழுந்தது.

நடுவர் அம்மாவிடம் டேப்பைக் காட்டிக் கையாலும் காலாலும் விளக்கினேன். அதற்குள் எதிரணி மேனேஜர், கோட்டு போட்ட பெரிய மனிதர், டேப்பை எட்டிப் பார்த்தார். ஒன்றிலிருந்து தொடங்கும் டேப்பைக் கண்டதும் அவருக்கு ஆவேசம் வந்துவிட்டது. கோல் அகலத்தை அள, உயரத்தை அள, பெட்டியை அள என்று குதித்தார். அதிகாரிகள் இரும்பு டேப் கொண்டுவந்து, ஒரு முனையை அவரே பிடிக்க அத்தனையும் அளந்தார்கள். எல்லாம் சரி, அந்த ஒரு புள்ளியைத் தவிர. அதை அழித்து ஓர் அடி முன்னால் புதிதாக வைத்தேன். பதினோரு நிமிடம் போயிருந்தது. என் மகள் கோலில் நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் அவளைப் பார்க்கவில்லை.

பந்து உள்ளே போனது. ஒன்றுக்கு ஒன்று.

வீட்டில் எனக்குச் சோறு கிடைக்காது என்று முடிவு கட்டிவிட்டேன். அப்போதுதான் நடுவர் அம்மா, அளந்த நேரத்தையும் சேர்த்துக் கூடுதலாகப் பதின்மூன்று நிமிடம் ஆட வேண்டும் என்று அறிவித்தார். அதில் பன்னிரண்டாவது நிமிடம், எங்கள் அணியிலேயே குட்டையான பெண் தலையால் முட்டி கோல் போட்டாள். எதிரணி மேனேஜர் ஓடிவந்து கைக்கடிகாரத்தைக் காட்டிக் கத்தினார். நடுவர் அம்மா, மேனேஜரின் இன்னொரு கையில் இன்னும் இருந்த இரும்பு டேப்பைக் காட்டினார்.

ஆட்டம் முடிந்து, சாமான் அறையில் வண்டியைக் கழுவிக்கொண்டிருந்தேன். மகள் கையுறையைக் கழற்றியபடி வந்தாள். திட்டுவாள் என்று தலையைக் குனிந்துகொண்டேன்.

"புள்ளி தள்ளி இருக்குன்னு எனக்கு முன்னாடியே தெரியும்ப்பா. வார்ம்-அப்ல பாதம் வெச்சு எண்ணிப் பாத்தேன். நாப்பத்திரண்டு வரணும். நாப்பத்தி மூணும் தாண்டிப் போச்சு."

ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"சொன்னா உங்க வேலை போயிடுமேன்னுதான்."

அவள் ஆட்டத்துக்காக நான் வாயை மூடியிருந்தேன், என் வேலைக்காக அவள் மூடியிருக்கிறாள்.

மூலையில் ஆணிகளைத் துடைத்துக்கொண்டிருந்த மச்சான் நிமிர்ந்தான். "ஆக, நம்மளைப் போலவே நீங்க ரெண்டு பேரும் ஆளுக்கு ஒண்ணு கூட்டியிருக்கீங்க," என்றான்.

வேலை போகவில்லை. விளக்கக் கடிதம் ஒன்று எழுதச் சொன்னார்கள், எனக்குத்தான் கடிதம் எழுதிப் பழக்கமாயிற்றே. அரையிறுதியன்று காலை புது டேப்பும் வந்து சேர்ந்தது. பளபளவென்று, பூஜ்ஜியத்திலிருந்து தொடங்குகிற டேப். பயிற்சிக்கு வந்திருந்த மகள் கோல் கம்பத்தில் சாய்ந்து எங்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் முப்பத்தாறு என்றேன். மச்சான் பழக்கதோஷத்தில் முப்பத்தேழில் ஆணி அடித்தான். அவள் கோட்டிலிருந்து பாதம் பாதமாக எண்ணிக்கொண்டே வந்தாள், ஆணியைப் பிடுங்கினாள், ஓர் அடி முன்னால் தன் கையாலேயே நட்டுவிட்டு கோலுக்குத் திரும்பிப் போனாள்.