கை தூக்காத பெட்டி

என் வீட்டுக்காரர் வக்கீல் குமாஸ்தா. கடைக்காரர் சிரித்தால்கூட, "எதுக்குச் சிரிக்கிறான்?" என்று சில்லறையை மறுபடி எண்ணுகிற ஆள். அன்று எங்கள் ரயில் நடுவழியில் நின்றதும் அவருக்குக் கொண்டாட்டம்.

"வேணும்னே நிறுத்தியிருக்கான். ஒரு மணி நேரம் தாண்டினா டிக்கெட் காசுல பாதி நமக்கு வரணும். அதுக்குள்ள என்ன தில்லுமுல்லு பண்றான்னு பாரு."

தான் வக்கீல் ஆபீஸ் ஆள் என்று ஏறியதுமே சொல்லியிருந்தார்; பெட்டியே காதைத் தீட்டிக்கொண்டு கேட்டது.

எனக்குக் காசா பெரிசு? அம்மா போன பிறகு நான் தூக்கி வளர்த்த தம்பி சாயங்காலம் கப்பல் வேலைக்குக் கிளம்புகிறான். திரும்பி வர இரண்டு வருஷம். ஜங்ஷனில் இறங்கித் துறைமுக ரயிலைப் பிடித்தால்தான் அவன் முகத்தைப் பார்க்க முடியும்.

டிக்கெட் பரிசோதகர் வந்தார். "துறைமுக ரயிலுக்கு மாறுறவங்க கை தூக்குங்க."

நான் தூக்கப் போனேன். இவர் என் கையைப் பிடித்து மடியில் அமுக்கினார்.

"சும்மா இரு. கை தூக்கினா, 'வேற ரயில்ல ஏத்தி விட்டுட்டோம்'னு கணக்கை முடிச்சிடுவான். அப்புறம் பைசா பேராது."

"எதுக்குன்னு அவரையே கேட்டா என்னங்க?"

"கேட்டா உண்மையைச் சொல்லிடுவானாக்கும்!"

எதிர் சீட்டுக்காரர் பாதி தூக்கிய கையால் தலையைச் சொறிந்துகொண்டார். வக்கீல் ஆபீஸ் ஆளே சொல்கிறாரே! ஒரு கைகூட மேலே வரவில்லை. பரிசோதகர் போனில் ஏதோ சொல்லிக்கொண்டே போய்விட்டார்.

"பார்த்தியா, அவன் முகம் தொங்கிப் போச்சு," என்றார் இவர்.

ஜங்ஷனில் எதிர் பிளாட்பாரம் காலி.

"இப்பத்தான் போச்சு," என்றார் ஸ்டேஷன் மாஸ்டர். "உங்க வண்டியில யாராவது மாறணுமான்னு கேட்டோம். யாருமே இல்லைன்னாங்க. ஒருத்தர் இருந்தாலும் நிறுத்தி வச்சிருப்போமே."

"அதை எழுத்துல குடுங்க," என்றார் என் வீட்டுக்காரர். பாவி மனுஷன்!

அடுத்த ரயில் மறுநாள்தான். தம்பிக்குச் சொல்லப் போனை எடுத்து எடுத்து வைத்தேன். பெஞ்சிலேயே உட்கார்ந்திருந்தேன். சாயங்காலம் அவனே கூப்பிட்டான். போனை ஸ்பீக்கரில் போட்டு இவர் கையில் திணித்தேன்.

"நீங்களே சொல்லுங்க."

"மாமா!" என்றான் தம்பி. பின்னால் ஒரே இரைச்சல். "உள்ள கூப்பிடறாங்க. நீங்க கூட வர்றதால அக்கா எப்படியும் வந்துடும்னு வாசல்லயே நிக்கிறேன். கூட்டத்துல ஒண்ணும் தெரியல மாமா. எங்க இருக்கீங்க? கொஞ்சம் கை தூக்கிக் காட்டுங்க."