தூணின் மஞ்சள்

1

இந்தக் கதை எனக்குக் கிடைத்தது ஒரு பிறந்தநாள் விருந்தில். காருக்கு வீட்டிலேயே மெழுகு பூசுவது எப்படி என்று யாரோ கேட்க, யோசெப் உற்சாகமாக விளக்கத் தொடங்கினார். முதலில் கழுவவேண்டும், பிறகு பொலிஷ், அதன்மேல் சீலர், கடைசியில் மெழுகு. "பொலிஷ் போடேக்கை பாத்தியளெண்டால்..." என்றவர் அப்படியே நின்றுவிட்டார். மிச்சத்தை வெளியே இரும்புப் படியில் குந்தியிருந்து எனக்கு மட்டும் சொன்னார்.

முதல் வரியாக இப்படி எழுதினேன்: 'யோசெப் மனைவியைவிடத் தன் காரை அதிகம் நேசித்தார்.' வாசிக்க நன்றாக இருந்தது. பொய் என்பதால் அடித்துவிட்டேன்.

2

அவர் மனைவி அக்னெஸுக்கு ஆஸ்பத்திரியில் துப்புரவு வேலை. பிள்ளைகள் வளர்ந்த பிறகுதான் கார் ஓடப் பழகினார். லைசென்ஸ் எடுத்த கிழமை, ஞாயிறு பூசை முடிந்து, கோயில் தரிப்பிடத்தில் காரைப் பின்னால் எடுத்தபோது கதவு ஒரு மஞ்சள் தூணில் உரசியது. புதுக் கார், கடும் நீலம்.

யோசெப் இறங்கிப் பார்த்தார். கதவின் குறுக்கே நீளமாக ஒரு கோடு. கோயிலிலிருந்து சனம் வெளியே வந்துகொண்டிருந்தது.

"கண் என்ன பிடரியிலையே இருக்கு? புதுக் காரை நாசமாக்கிப்போட்டீர்! இறங்கும். இறங்கும் எண்டுறன்!"

(அக்னெஸ் அழுதார் என்று எழுதியிருந்தேன். யோசெப் திருத்தினார்: "அழயில்லை தம்பி. இறங்கி மற்றப் பக்கம் வந்து இருந்தா. அவ்வளவுதான்.")

அதன்பின் அக்னெஸ் ஸ்டியரிங்கைத் தொடவேயில்லை. உறைபனியிலும் விடிய முன்னம் பஸ்ஸுக்கு நின்றார். கொண்டுபோய் விடுகிறேன் என்று யோசெப் சொன்னால், "பஸ் வரும்" என்பதோடு பேச்சு முடிந்துவிடும்.

கோட்டை ஏன் அத்தனை வருடமும் அப்படியே விட்டுவைத்தீர்கள் என்று கேட்டேன்.

"கராஜிலை குடுக்க நேரமில்லை எண்டுதான் எல்லாருக்கும் சொன்னனான். உண்மை என்னெண்டால், அது கிடக்கும் மட்டும் ஆருடைய பிழையெண்டு நான் வாய் திறந்து சொல்லத் தேவையில்லை."

3

பொலிஷ் எதையோ பூசுவது என்றுதான் நானும் நினைத்திருந்தேன். இல்லையாம். அது தேய்த்து எடுப்பது. வண்ணத்தின் மேலிருந்து மிக மெல்லிய ஒரு படையை எடுத்துவிடும். பூசுவதெல்லாம் அதற்குப் பிறகுதான்: சீலர் பனியையும் அது கரையத் தெருவில் போடும் உப்பையும் தடுக்கும், மெழுகு மினுக்கும். [இதை வைத்துத் தாம்பத்தியம் பற்றி ஒரு பத்தி எழுதினேன். கெட்டித்தனம் கூடிப்போனதால் எடுத்துவிட்டேன்.]

இந்த வருடம் யோசெப்புக்குக் கண் மங்கத் தொடங்கியது. இனிக் கார் ஓடக்கூடாது என்றார் டொக்டர். விற்பதென்று முடிவாயிற்று. வாங்க வருபவர் பார்க்க முன்னம் மினுக்கிவிடலாம் என்று, ஒரு சனிக்கிழமை காலை, கட்டடத்தின் பின் ஒழுங்கையில் நிழல் பார்த்து நிறுத்தினார். கோடு போகும் என்று அவர் எதிர்பார்க்கவில்லை. துணியில் பொலிஷை வைத்து வட்டமாகத் தேய்த்தார்.

துணி மஞ்சளானது.

இன்னும் கொஞ்சம் தேய்த்தார். கோடு இல்லை. கீழே நீலம் ஒரு சேதமும் இல்லாமல் இருந்தது. விரல் நகத்தால் தடவிப் பார்த்தார், எங்கும் தட்டுப்படவில்லை. கார் கீறுப்படவேயில்லை. தூணின் பெயின்ட் ஒட்டியிருந்திருக்கிறது.

உடனே மேலே போய் அக்னெஸிடம் சொல்ல அவருக்குக் கால் வரவில்லை. சீலர் போட்டார். மெழுகும் பூசினார். "மெழுகு காயும் மட்டும் மேலை போகாமலிருக்க எனக்கு ஒரு சாட்டு இருந்தது" என்றார்.

4

அன்று அக்னெஸுக்கு மத்தியான வேலை. அதற்கு இறங்கி வந்தார்.

"இஞ்சை ஒருக்கா வாரும்."

வந்து பார்த்தார். "கோடு எங்கை?"

"அது கீறல் இல்லை, அக்னெஸ். தூணின்ரை பெயின்ட்தான் ஒட்டிக் கிடந்திருக்கு."

"எவ்வளவு நேரம் எடுத்தது?"

[இங்கே யோசெப்பைப் பொய் சொல்லவைத்துப் பார்த்தேன்: "காலமை முழுக்க." எனக்கு ஆறுதலாக இருந்தது. ஆனால் அவர் அப்படிச் சொல்லவில்லை.]

"கொஞ்ச நேரம்தான்."

அக்னெஸ் கதவில் உள்ளங்கையை வைத்தார். "வடிவாத்தான் வந்திருக்கு."

"விக்கிறதை விடுவம். நீர் ஓடும். நான் பக்கத்திலை இருப்பன். வாயே திறக்கமாட்டன்."

"அண்டைக்கே இதைச் சொல்லியிருக்கலாமே."

"அது அழியுமெண்டு அண்டைக்குத் தெரியாதே."

"கோட்டைச் சொல்லேல்லை. வாய் திறக்கமாட்டன் எண்டதைச் சொன்னனான்."

பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று அவர் நடந்துவிட்டார்.

5

இரண்டு முடிவுகள் எழுதினேன். ஒன்றில் அக்னெஸ் பாதி வழியில் திரும்பி வந்து சாவிக்குக் கை நீட்டுகிறார். அவரை அவ்வளவு மலிவாக்க எனக்கு உரிமையில்லை. மற்றதில் வாங்க வந்தவர் காரைக் கொண்டுபோக, யோசெப் வெறும் இடத்தைப் பார்த்தபடி

இல்லை, அதுவும் சரிவரவில்லை.

அன்று விருந்தில், இரும்புப் படியில், கார் பிறகு என்ன ஆனது என்று கேட்க வாயெடுத்தபோது கதவு திறந்தது. அக்னெஸ் எட்டிப் பார்த்தார். "இஞ்சருங்கோ, வெளிக்கிடுவம்."

யோசெப் கைப்பிடியைப் பிடித்து, மங்கலான கண்ணோடு ஒவ்வொரு படியாக இறங்கினார். அக்னெஸ் முன்னால் போனார். நான் உள்ளே வந்துவிட்டேன். தெருப்பக்க யன்னல் திறந்துதான் கிடந்தது. எட்டிப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும், இருவரும் பஸ் தரிப்பை நோக்கி நடந்தார்களா, இல்லை, அக்னெஸ் ஒரு காரின் இடப்பக்கக் கதவை, இந்த நாட்டில் ஸ்டியரிங் இருக்கும் பக்கத்தை, திறந்தாரா என்று.

நான் பார்க்கவில்லை. பார்த்தால் எழுதவேண்டியிருக்கும். நீங்கள் வேண்டுமானால் எட்டிப் பாருங்கள். பார்த்ததை என்னிடம் சொல்லவேண்டாம்.