கணக்குக்குக் கூலி

கூலி இல்லாமல் ஒரு கை அசைந்தால் அதில் ஏதோ சூது இருக்கிறது என்பது டைல்ஸ் மேஸ்திரியின் நம்பிக்கை. அதனால் வீட்டில் குண்டூசி என்று கூப்பிடும் மகள் சோற்றை மறந்து, தரையெல்லாம் சாக்பீஸால் கணக்குப் போடுவது அவருக்குச் சந்தேகத்தைக் கிளப்பியது. சும்மா போடுகிறவள் சும்மாவே நிறுத்திவிட்டால்? வருடக் கடைசிப் பரீட்சையில் கணக்கில் சறுக்கினால், அவள் ஆசைப்பட்ட அறிவியல் பிரிவு கிடைக்காது.

ஆகவே சதுர அடிக்குக் கூலி பேசுவதுபோல மகளிடமும் பேசி முடித்தார். ஒரு கணக்குக்குக் கொஞ்ச நேரம் அப்பாவின் போன்.

குண்டூசி மறுநாளே பரணிலிருந்து பழைய வகுப்புப் புத்தகங்களை இறக்கினாள். சின்னப் பிள்ளைகளின் கூட்டலும் கழித்தலுமாகப் போட்டுத் தள்ளினாள். வேலை கொடுத்த வீட்டுக்காரர்கள் மேஸ்திரியைப் போனில் கூப்பிட்டால் இவள்தான் எடுத்தாள். நடுவில் வந்த பரீட்சையில் மயிரிழையில் தப்பினாள்.

மேஸ்திரி போனைப் பிடுங்கினார். அவள் சாக்பீஸைக் கீழே போட்டாள்.

"போன் இல்லன்னா எதுக்குப்பா போடணும்?"

அவராக இருந்தாலும் அப்படித்தான் கேட்டிருப்பார். அதுதான் எரிச்சல்.

தையல் மிஷினிலிருந்து தலையைத் தூக்காமல் மனைவி சொன்னாள்: "வெளையாட்டா செஞ்சிட்டிருந்தா. நீங்க அத வேலையாக்கிட்டீங்க. இனிமே அவ கணக்கப் பத்தி வாயே தொறக்காதீங்க."

அவர் நம்பவில்லை. ஆனாலும் வாயை மூடிக்கொண்டார்.

ஊர் வீட்டுக்கெல்லாம் டைல்ஸ் ஒட்டியவரின் குளியலறை மட்டும் வெறும் சிமெண்டு. ஒரு விடுமுறை நாளில், வேலைகளில் மிஞ்சிய டைல்ஸைக் கூடத்தில் பரப்பிப் பார்த்தார். அறையின் சுவர் கோணல், டைல்ஸோ ஒவ்வொன்றும் ஓர் அளவு. எப்படி அடுக்கினாலும் ஓரத்தில் இடைவெளி பல்லிளித்தது. குண்டூசி முதலில் தாண்டிப் போனாள். திரும்பி வரும்போது நின்றாள். பிறகு உட்கார்ந்தே விட்டாள்.

"சுவத்துலேருந்து ஏம்ப்பா ஆரம்பிக்கிறீங்க? குறுக்கால போட்டா என்ன?"

சாக்பீஸ் எங்கிருந்தோ வந்தது. கோணம், பரப்பு என்று தரை நிறைந்தது. சோறு ஆறியது. மேஸ்திரியின் கை போனை எடுக்கப் பாக்கெட்டுக்குப் போனது. மனைவி இருமினாள். கை திரும்பி வந்தது.

வருடக் கடைசிப் பரீட்சையில் பெரிய கணக்கெல்லாம் சரி. அவசரத்தில் ஒரு கூட்டலில் மட்டும் கோட்டைவிட்டாள். அறிவியல் பிரிவு கிடைத்துவிட்டது.

"உண்மையச் சொல்லு, உனக்கு என்னதான் வேணும்?" என்று, மறுபடி தரையில் கோடு போட்டுக்கொண்டிருந்தவளிடம் மேஸ்திரி சந்தேகத்தோடு கேட்டார்.

"கொஞ்சம் நகருங்கப்பா, கோடு மறையுது."

குளியலறை இன்னும் சிமெண்டாகவே கிடக்கிறது. டைல்ஸை அடுக்க, முதலில் போட்ட கணக்கைவிட நல்ல வழி ஒன்று இருக்கிறதாம்.