சந்திரிகா கை நனைத்த கஞ்சி

வாங்க கண்ணுகளா, இப்படிக் கிட்டே வந்து உட்காருங்கள். விசிறியை என் பக்கம் திருப்ப வேண்டாம், உங்கள் பக்கமே இருக்கட்டும். சாப்பிட்டாயிற்றா? சாப்பிடாதவர்கள் எழுந்து போய் இரண்டு வாய் சாப்பிட்டுவிட்டு வாருங்கள், நான் காத்திருக்கிறேன். இது வெறும் வயிற்றோடு கேட்கிற கதை இல்லை. ஒரு வயிறு ஒரு கல்யாணத்தையே கவிழ்க்கப் பார்த்த கதை. சொல்லி முடிப்பதற்குள் உங்களைச் சிரிக்க வைக்கிறேன், அதற்கு நான் பொறுப்பு.

கோலாலம்பூருக்கு வடக்கே புக்கிட் செந்தோசாவில் சந்திரிகா என்று ஒருத்தி. ரவாங்கில் ஒரு கையுறைத் தொழிற்சாலையில் சூப்பர்வைசர். வயது ஐம்பது, நூறு பேரை மேய்க்கிற குரல். காலையில் வெறும் வயிற்றில் இரண்டு குவளை கறுப்புக் கோப்பி குடிப்பாள். அந்தத் தெம்பிலேயே மத்தியானம் மூன்று மணிவரை ஓடுவாள். அப்புறம்தான் தொழிற்சாலைக் கெண்டினில் சோற்றைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்து, கைப்பையிலிருந்து ஒரு பொட்டலத்தைப் பிரிப்பாள். உள்ளே சிலி பாடி. ஊசி போல இருக்கிற அந்தச் சின்ன மிளகாயில் ஒன்றைக் கடித்தாலே மற்றவர்கள் தண்ணீர்க் குழாயைத் தேடி ஓடுவார்கள். சந்திரிகா கச்சான் கடலை கொறிக்கிற மாதிரி ஏழெட்டைக் கொறிப்பாள்.

வயிறும் எத்தனை நாள்தான் பொறுக்கும்? ஒரு செவ்வாய்க்கிழமை காலை, மேல்வயிற்றில் யாரோ நெருப்புக் கங்கை அள்ளிக் கொட்டிய மாதிரி எரிந்தது. மெஷினைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டாள். நெஞ்சுவலிதான் என்று அவளே முடிவும் கட்டிவிட்டாள். கணவர் செல்லன் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவர். பிள்ளைகளை இறக்கிவிட்ட கையோடு காரை எடுத்துக்கொண்டு வந்து சேர்ந்தார். கிளினிக்குக்குப் போகிற வழியெல்லாம் சந்திரிகா தன் நகைகளைப் பங்கு பிரித்தாள்.

"என்னாங்க, அந்தச் சங்கிலி வரப்போற மருமகளுக்கு. ஒங்க தங்கச்சிக்கு ஒன்னும் கெடையாது, ஞாபகம் வச்சுக்குங்க."

"சரிம்மா."

"நான் போனதும் இன்னொருத்தியக் கட்டிக்கிட்டீங்கன்னு வைங்க..."

"ரோட்டப் பாக்கணும்லா. கிளினிக் வர்ற வரைக்கும் கொஞ்சம் சாவாம இரு."

டாக்டரம்மா வயிற்றை அமுக்கிப் பார்த்தார், கேள்வி மேல் கேள்வி கேட்டார், இதயத்துக்கும் ஒரு சோதனை எடுத்துப் பார்த்தார். "இதயம் இரும்பு. இது கேஸ்ட்ரிக். இரைப்பையின் உள்பக்கம் புண்ணாகிக் கிடக்கிறது" என்றார். ஆறு வாரத்துக்கு மாத்திரை. மிளகாய், கோப்பி, புளி, எண்ணெயில் பொரித்தது எதையும் தொடக்கூடாது. கொஞ்சம் கொஞ்சமாக, ஆனால் மணி தவறாமல் சாப்பிட வேண்டும்.

"அப்ப சாவ மாட்டனா?" என்று கேட்டாள் சந்திரிகா. நகையெல்லாம் பிரித்து முடித்தவளுக்குக் கொஞ்சம் ஏமாற்றம்தான்.

அன்றிலிருந்து அடுப்படி செல்லன் கைக்குப் போயிற்று. அதுவரை முட்டைகூடப் பொரிக்கத் தெரியாத மனிதர், நெல் விளைகிற செகிஞ்சானிலிருந்து அரிசி மூட்டை இறக்கினார். விடிகாலையில் சீரகம் தட்டிப் போட்டுக் குழையக் குழையக் கஞ்சி. பத்து மணிக்கு வாழைப்பழம். மத்தியானம் தேங்காய்ப் பால் விட்ட மணத்தக்காளிக் கீரை. சாயங்காலம் வெள்ளைப் பூசணிச் சாறு. படுக்கும் முன் அதிமதுரத் தண்ணீர். சந்திரிகாவின் கைப்பேசியில் ஒவ்வொன்றுக்கும் மணி வைத்தார். அவள் தூக்கத்திலும் எழுந்து கேட்கட்டும் என்று சேவல் கூவுகிற சத்தத்தைத் தேடிப் பிடித்து வைத்தார். சேதி கேட்டு வந்த ஒருத்தி, வெறும் வயிற்றில் எலுமிச்சம்பழத்தைப் பிழிந்து பச்சைப் பூண்டோடு விழுங்கச் சொன்னாள். செல்லன் அவளை வாசல்வரை கொண்டுபோய் விட்டுவிட்டு வந்தார். பக்கத்து வீட்டு ஜெய்புன்னிசா மட்டும் எந்த வைத்தியமும் சொல்லாமல், காரமே போடாத நோன்புக் கஞ்சியை ஒரு தூக்குச் சட்டியில் கொடுத்துவிட்டுப் போனாள்.

முதல் வாரம் சந்திரிகா கஞ்சியைப் பார்த்து முறைத்தாள். இரண்டாம் வாரம் எரிச்சல் அடங்கி, ராத்திரி முழுக்கத் தூங்கினாள். மூன்றாம் வாரம் ஒரு துண்டு பப்பாளியை வாயில் போட்டுவிட்டு, "என்னாங்க, இது இவ்வளவு இனிப்பா!" என்று கண் கலங்கினாள். முப்பது வருஷம் மிளகாய்க்கு அடியில் புதைந்து கிடந்த நாக்கு, கண்ணுகளா, அப்போதுதான் மெல்ல எட்டிப் பார்த்தது.

நாலாம் வாரம்தான் வந்தது சோதனை.

மகன் திலீப்புக்கு ஒரு பெண்ணைப் பிடித்திருந்தது. பெயர் தனுஜா, கோலா சிலாங்கூர்க்காரி, அவனோடு ரவாங்கில் ஒரே ஆபீசில் வேலை. சந்திரிகாவுக்கு அவளை அப்படிப் பிடித்துப்போயிற்று. வீட்டுக்கு வந்த முதல் நாளே இரண்டாம் முறை சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்ட பெண்! இப்படி ஒருத்தி மருமகளாக வர வேண்டுமே என்று சந்திரிகா வேண்டாத தெய்வம் இல்லை. வந்து பேசுங்கள் என்று பெண் வீட்டார் நாள் குறித்து அனுப்பினார்கள். அந்த நாள் போய் நாலாம் வாரத்து ஞாயிற்றுக்கிழமையில் விழுந்தது.

நம் வழக்கம் உங்களுக்குத் தெரியும். பெண் கேட்டுப் போனவர்கள் அந்த வீட்டில் கை நனைத்தால் சம்மதம். தண்ணீர் மட்டும் குடித்துவிட்டு எழுந்தால் வேண்டாம் என்று அர்த்தம். வாய் திறந்து சொல்லவே வேண்டியதில்லை.

பத்தாங் பெர்சுந்தை ஊரைத் தாண்டிக் கார் போய்க்கொண்டிருந்தபோது திலீப் சொன்னான்.

"மா, ஒங்களுக்கு கேஸ்ட்ரிக்குன்னு அவங்க கிட்ட சொல்லிருவோம். சிம்பிள் லா."

"வாயத் தொறந்தே, எறக்கி விட்டுருவேன். சீக்காளி மாமியாளுக்கு ஆயா வேலை பாக்கத்தான் பொண்ணு கேக்குறாங்கன்னு நெனைக்க மாட்டாங்க?"

"அப்ப எப்படிச் சாப்புடுவீங்க?"

"வெறுஞ்சோத்துல மோர ஊத்தி நாலு வாய். கை நனைஞ்சுச்சா, முடிஞ்சுச்சு. மிச்சப் பசிக்கு இது." கைப்பையைத் தட்டினாள். உள்ளே ஒரு பிளாஸ்க் நிறையக் கஞ்சி.

செல்லன் கண்ணாடியில் மகனைப் பார்த்தார். மகன் அப்பாவைப் பார்த்தான். இருவரும் ரோட்டைப் பார்த்தார்கள்.

தனுஜாவின் அம்மா பிரமிளா கோலா சிலாங்கூரில் மத்தியானச் சாப்பாட்டுக் கடை நடத்துகிறவள். அவளுடைய நண்டுக் குழம்புக்காகக் கோலாலம்பூரிலிருந்து கார் போட்டுக்கொண்டு வருவார்கள். அப்பா நாராயணசாமி அதிகம் பேசாத மனிதர், எஸ்டேட் லோரி ஓட்டி ஓய்ந்தவர். வந்தவர்களை உட்கார வைத்துப் பேச்சு ஆரம்பித்தது. நல்ல பேச்சு. மண்டபம் எங்கே, மாதம் எது என்றுகூடப் போய்விட்டது. அந்த நேரம் பார்த்து, பன்னிரண்டரைக்கு, சந்திரிகாவின் கைப்பைக்குள் சேவல் கூவியது.

நாராயணசாமி ஜன்னலை எட்டிப் பார்த்தார். "நம்ம வீட்ல கோழி இல்லியே?"

"பாத்ரூம் எங்கம்மா?" என்று எழுந்தாள் சந்திரிகா, பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு. உள்ளே போய்க் கதவைச் சாத்தி, பிளாஸ்க்கைத் திறந்து, இரண்டே மடக்கு குடித்திருப்பாள். வெளியே பிரமிளாவின் குரல்.

"அண்ணி! எல போட்டாச்சு, வாங்க!"

அவசரத்தில் மூடியைப் பாதிதான் திருகினாள். பிளாஸ்க்கைப் பைக்குள் திணித்துக்கொண்டு வந்து இலை முன் உட்கார்ந்து பார்த்தால், சோறு வெறுஞ்சோறாக இல்லை. பிரமிளா ஆசை ஆசையாக மூன்று கரண்டி நண்டுக் குழம்பை அதன் தலையிலேயே ஊற்றியிருந்தாள். சிவப்பென்றால் அப்படி ஒரு சிவப்பு. உச்சியில் ஒரு நண்டுக் கால், வா வா என்று கூப்பிடுகிற மாதிரி நீட்டிக்கொண்டிருந்தது.

அந்த வாசனை மூக்கில் ஏறியதும் சந்திரிகாவின் வாயெல்லாம் தண்ணீர். ஒரே ஒரு வாய் என்றது நாக்கு. செவ்வாய்க்கிழமையை மறந்துவிட்டாயா என்று உறுமியது வயிறு. இலைவரை போன கை அந்தரத்தில் நின்றது, திரும்பி வந்தது.

"இருக்கட்டுங்க" என்றாள் மெதுவாக. "இன்னொரு நாளு பாத்துக்கலாம்."

ஐயோ கண்ணுகளா! பெண் வேண்டாம் என்று போகிறவர்கள் காலங்காலமாகச் சொல்லிவிட்டு எழுகிற வார்த்தை இருக்கிறதே, அதையே அட்சரம் பிசகாமல் சொல்லிவிட்டாள்.

பிரமிளாவின் கையில் கரண்டி அந்தரத்தில். மோர்ச் செம்போடு வந்த தனுஜா, செம்பை மேசையில் வைத்துவிட்டு உள்ளே திரும்பினாள். நாராயணசாமி தன் இலையை மெல்ல மடித்தார்.

"சரிங்க. எங்க பொண்ணு மேல என்னா கொறைன்னு மட்டும் சொல்லிட்டுப் போங்க."

"மா!" என்றான் திலீப். அவன் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

"ஐயோ, அப்படி இல்லீங்க! தனுஜா, இரும்மா!" சந்திரிகா துள்ளி எழுந்தாள். எழுந்த வேகத்தில் பை கவிழ்ந்தது. பிளாஸ்க் உருண்டது, பாதி திருகிய மூடி கழன்றது. சீரக மணத்தோடு கஞ்சி மொசைக் தரையில் ஓடி, மாப்பிள்ளை வீட்டாரைத் தாண்டி, நாராயணசாமியின் கால் விரலில் போய் முட்டி நின்றது.

பிரமிளா தரையைப் பார்த்தாள். பிளாஸ்க்கைப் பார்த்தாள்.

"ஓஹோ! எங்க வீட்டுச் சோறு ஆவாதுன்னு வீட்லேருந்தே கட்டிக்கிட்டு வந்துட்டீங்களா? பிளாஸ்க்குல வேற!"

இதற்கு மேலும் மறைத்தால் மருமகள் போய்விடுவாள். சந்திரிகா மூச்சை இழுத்துக்கொண்டு, நூறு பேரை மேய்க்கிற அந்தத் தொழிற்சாலைக் குரலை எடுத்தாள்.

"கேஸ்ட்ரிக்குங்க! எனக்கு கேஸ்ட்ரிக்கு! நாலு வாரமாக் கஞ்சிதான் குடிக்கிறேன்!"

எதிர்வீட்டு ஜன்னல் ஒன்று படாரென்று திறந்தது.

"இதப் போயி ஏன் மறச்சீங்க?" என்றார் நாராயணசாமி.

"சீக்காளி மாமியாளுக்குப் பொண்ணக் குடுக்க மாட்டீங்களோன்னு பயந்துட்டேங்க. எனக்கு ஒங்க பொண்ணு வேணும். ஒங்க நண்டும் வேணும். வயிறுதான் இன்னும் ரெண்டு வாரம் வேணாங்குது." சொல்லச் சொல்லவே அவளுக்கு அழுகை வந்துவிட்டது.

பிரமிளாவின் தோள் குலுங்கியது. அழுகிறாளோ என்று பார்த்தால், சிரிப்பு! விக்கல் மாதிரி ஆரம்பித்து, கரண்டியோடு சேர்ந்து ஆடியது. "அண்ணி, நான் என்னா நெனச்சேன் தெரியுமா? என் நண்டுல உப்பு கூடிருச்சோன்னு நெனச்சேன்!"

"மா!" என்று உள்ளேயிருந்து கத்தினாள் தனுஜா. "நான் இங்க அழுதுக்கிட்டு இருக்கேன், ஒங்களுக்கு நண்டா முக்கியம்?"

அவ்வளவுதான். ஆளாளுக்குச் சிரித்தார்கள். திலீப் சிரித்துக்கொண்டே தரையைத் துடைத்தான். சந்திரிகா கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டாள். "அண்ணி, எங்க வீட்டுக் கஞ்சிதான் கொட்டிப்போச்சே. ஒங்க வீட்ல ஒரு பிடி அரிசி இருக்கா?"

இருக்காமல் என்ன? ஆனால் அங்கே ஒரு தடங்கல். பிரமிளாவுக்கு மிளகாய் போடாமல் எதையும் சமைத்துப் பழக்கமில்லை. பானையில் அரிசியைப் போட்டதும் கை தானாகத் தூள் டப்பா பக்கம் போயிற்று. செல்லன் பாய்ந்து அந்தக் கையைப் பிடித்தார். "தங்கச்சி, நீ நவுந்துக்க" என்று சட்டையைக் கழற்றி மாட்டி, துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டார். பெண் கேட்க வந்த மாப்பிள்ளையின் அப்பா, பெண் வீட்டு அடுப்பில் கஞ்சி கிண்டினார். பிரமிளா பக்கத்தில் நின்று, "இதுக்கு ருசியே இருக்காதே அண்ணே, ஒரே ஒரு மொளகா..." என்று கெஞ்சிக்கொண்டே இருந்தாள்.

கஞ்சி தயார். கிண்ணத்தில் ஊற்றிக் கரண்டியும் போட்டுக் கொடுத்தாயிற்று. சந்திரிகா வாய்க்குக் கொண்டுபோகப் போனாள்.

"கொஞ்சம் இருங்க" என்றார் நாராயணசாமி. அன்று அவர் பேசியதே நாலாம் முறைதான், ஆனால் எல்லோரும் திரும்பினார்கள். "கரண்டில குடிச்சா கை நனைஞ்ச மாதிரி ஆவுமா?"

கஞ்சி குடித்துக் கல்யாணம் பேசியவர்கள் எவரும் இல்லையே, யாரைப் போய்க் கேட்பது? சந்திரிகா கரண்டியைக் கீழே வைத்தாள்.

"எலையிலயே ஊத்துங்க."

ஊற்றினார்கள். இலையில் கஞ்சி நிற்குமா? பிடித்தது ஓட்டம், நாலு பக்கமும். தனுஜா ஓடிவந்து ஒரு விளிம்பைத் தூக்கிப் பிடித்தாள். திலீப் எதிர்விளிம்பைப் பிடித்தான். மூன்றாம் பக்கம் செல்லன், நாலாம் பக்கம் பிரமிளா. இலை ஒரு சின்னக் குளமாயிற்று.

"அத்த, சீக்கிரம்! என் பக்கம் ஒழுவுது!" என்று கத்தினாள் தனுஜா.

அதுவரை ஆன்ட்டி ஆன்ட்டி என்றுதான் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். சந்திரிகா காதில் அது விழுந்தது. ஐந்து விரலையும் கஞ்சிக்குள் விட்டாள். சூடு! "ஆ!" என்று அலறி, ஊதி, வழித்து, வாயில் போட்டாள். கை மணிக்கட்டுவரை நனைந்தது. நாராயணசாமி குனிந்து கையைப் பரிசோதித்துவிட்டு, "நனைஞ்சுருச்சு" என்றார். பெண் பார்க்கப் போன இடத்தில் அப்படிக் கை தட்டி எங்கேயும் நான் கேட்டதில்லை.

ஆறாம் வாரம் டாக்டரம்மா மாத்திரையை நிறுத்தினார். நேரத்துச் சாப்பாட்டை மட்டும் நிறுத்தாதே என்றார். கல்யாணம் கோலா சிலாங்கூரில் நடந்தது. மறுவீட்டு விருந்தில் பிரமிளா தன் வாழ்நாளில் முதல்முறையாகக் காரம் குறைத்து, மிளகு தட்டிப் போட்டு, சந்திரிகாவுக்கென்று தனிச் சட்டியில் நண்டு வைத்தாள். வைத்துவிட்டுத் தானும் தின்று பார்த்து, "நண்டுக்கு இப்படி ஒரு ருசி உண்டா!" என்று ஆச்சரியப்பட்டாள். பக்கத்திலேயே செல்லன் ஒரு பானை கஞ்சியும் வைத்திருந்தார். நண்டுக்கு முன்னால் கஞ்சிதான் காலியாயிற்று என்று இன்றும் சொல்லிக்கொண்டு திரிகிறார். ஒருவரும் நம்புவதில்லை.

சரி கண்ணுகளா, எழுந்திருங்கள், உங்கள் வீட்டு அடுப்பில் ஏதோ கொதிக்கிறது. அந்தப் பானை எந்நாளும் நேரத்தோடு கொதிக்கட்டும். உங்கள் வீட்டு வயிறுகள் குளிர்ந்திருக்கட்டும், இலைகள் நிறைந்திருக்கட்டும். உங்கள் வாசலுக்கு நல்ல மனசோடு வருகிறவர்கள் யாரும் கை நனைக்காமல் போகாதிருக்கட்டும். உங்கள் இலை ஒழுகுகிற நாளில் நாலு பக்கமும் தூக்கிப் பிடிக்க நாலு பேர் எப்போதும் இருக்கட்டும்.