அண்ணி எட்டிப் பார்த்த முளைகள்

வீட்டில் அவள் எனக்கு அண்ணி. ஆய்வுக்கூடத்தில் மேடம் என்று கூப்பிட வேண்டும் என்பது அவளே போட்ட சட்டம். அதை முதலில் மீறுவதும் அவள்தான். இருட்டறைக் கதவைச் சாத்தியதும், "இங்க வாடி, இதுங்க எப்படி வளர்ந்திருக்குன்னு பாரு" என்று ஆரம்பித்துவிடுவாள்.

அந்த அறைக்குள் போனால் முதலில் கண் போய்விடும், பிறகு நேரம் போய்விடும். ஈரத்தின் வாசனை மட்டும் இருக்கும். தட்டுகளில் விதைகள் முளைத்து, வெளிச்சத்தைத் தேடி வெளுத்து, நெடுநெடுவென்று நீண்டு, தலையைக் கவிழ்த்து நிற்கும். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும் என்று வீட்டில் எல்லோருக்கும் தெரியும். அங்கே மட்டும் எனக்குக் கோபமே வந்ததில்லை. தூக்கத்துக்குள் நின்றுகொண்டிருப்பது போல இருக்கும்.

முளையின் ஒவ்வொரு செல்லிலும் வெளிச்சத்தை உணரும் ஒரு நிறமி இருக்கிறது. இருட்டு இருக்கும்வரை அது செல் முழுக்கக் கலைந்து, சும்மா கிடக்கும். வெளிச்சம் பட்டால் செல்லின் நடுவே உள்ள உட்கருவுக்குள் புகுந்து, சின்னச் சின்னப் புள்ளிகளாகக் கூடும். மண்ணுக்கு வெளியே வந்துவிட்டோம் என்று முளைக்குத் தெரிவது அப்போதுதான். அந்த நிறமியோடு மினுங்கும் புரதம் ஒன்றைச் சேர்த்திருந்தோம், மைக்ரோஸ்கோப்பில் தெரிவதற்காக. படம் எடுப்பது என் வேலை. முளையை வைத்ததும் சட்டென்று எடுக்க வேண்டும். தாமதித்தால் மைக்ரோஸ்கோப்பின் நீல ஒளியே முளையை எழுப்பிவிடும்.

அண்ணி வளர்த்தது ஒரு புது ரகம். அதில் வெளிச்சமே படாமல் புள்ளிகள் கூடின. இருட்டிலேயே விழித்துக்கொள்ளும் முளை! பல வருஷம் யாரும் நம்பவில்லை. இப்போதுதான் நிறுவனத்துப் பெரியவர்கள் காது கொடுத்திருந்தார்கள். அவர்கள் முன்னால் அவள் பேச ஒரு நாளும் குறித்தாகிவிட்டது. அவர்கள் தலையாட்டினால் அவளுக்கென்று தனி ஆய்வுக்கூடம். இல்லையென்றால் இருக்கிற வேலையும் போய்விடும்.

அதற்கு முந்தைய வாரம் முழுக்க அவள் காய்ச்சலில் படுத்திருந்தாள். துணி காயப்போடும் இடத்துக்காக எங்களுக்குள் சண்டை வேறு. "முளைங்களை ஒரு தடவை போய் எட்டிப் பாருடி" என்று போன் செய்தாள். "உங்க பிள்ளைங்களை நீங்களே வந்து பாத்துக்கோங்க" என்று வைத்துவிட்டேன். வாரம் முழுக்க அந்த அறைக் கதவை யாரும் திறக்கவில்லை.

அவள் திரும்பி வந்த அன்று மதியம், மறுநாள் காலைப் பேச்சுக்குக் கடைசியாக ஒரு படம் எடுக்கலாம் என்று அவளுடைய முளை ஒன்றை இருட்டில் தடவி எடுத்துப் போட்டேன். புள்ளியே இல்லை. நிறமி செல் முழுக்கக் கலைந்து கிடந்தது. இன்னொன்று போட்டேன். அதிலும் இல்லை. தட்டு மாறிவிட்டதா? மாறவில்லை. பிறகுதான் அண்ணியின் பச்சை விளக்கு ஞாபகம் வந்தது.

பச்சை வெளிச்சம் முளைக்குத் தெரியாது என்பது எங்கள் தொழிலில் எல்லோரும் நம்புவது. அந்த நம்பிக்கையில் அண்ணி தினமும் ஒரு குட்டிப் பச்சை விளக்கோடு போய்த் தன் முளைகளைக் கொஞ்சிவிட்டு வருவாள். ஒப்பிடுவதற்கு வைத்த சாதாரண ரகம் அலமாரியின் அடித்தட்டில் இருந்தது. இடுப்பு வலியால் அவள் அங்கே குனிவதே இல்லை. கொஞ்சல் கிடைத்த முளைகள் விழித்தன, கிடைக்காதவை தூங்கின. இந்த வாரம் கொஞ்ச ஆள் இல்லாமல் அவளுடையவையும் தூங்கிவிட்டன. அவ்வளவுதான் விஷயம்.

சொல்லாமல் விட்டால்? நாளை மாலை அவளைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடுவார்கள். இந்த நினைப்பும் வந்தது, பொய் சொல்வானேன். ஆனால் அவள் ஊர் முன்னால் நின்று தெரியாமல் தப்பாகப் பேசுவதை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. போய்ச் சொன்னேன்.

அவள் முகத்தில் ஈயாடவில்லை. "என் மேல இருக்கிற கோபத்துல சொல்றியா?"

"சத்தியமா இல்ல அண்ணி. வந்து பாருங்க."

விளக்கை மேஜையிலேயே வைத்துவிட்டு வந்தாள். இருட்டில் அவளே விரலால் தடவி ஒரு முளையைக் கிள்ளி என் கையில் தந்தாள். கண்ணாடித் துண்டில் வைத்து மைக்ரோஸ்கோப்பை முடுக்கினேன். திரையில் செல்கள் விரிந்தன. எங்கும் மங்கலான ஒளி, புள்ளி ஒன்றுகூட இல்லை.

"சரி," என்றாள். "எனக்குப் புரிஞ்சிடுச்சு. அணைச்சிடு."

எனக்குக் கை வரவில்லை. நீல ஒளி விழுந்துகொண்டே இருந்தது. படம் எடுத்ததும் அணைத்துவிடுவதால் அதற்குப் பிறகு என்ன நடக்கும் என்று நாங்கள் இரண்டு பேருமே உட்கார்ந்து பார்த்ததில்லை. கலைந்து கிடந்தது மெல்ல அசைந்தது. பூட்டிய வீட்டுக்குள் யாரோ ஒரு ஆள் திரும்பி வருவது போல, உட்கருவுக்குள் ஒளி கசிந்து ஏறியது. ஒரு புள்ளி. பக்கத்தில் இன்னொன்று. பிறகு எண்ண முடியவில்லை. அவ்வளவு அழகான ஒன்றை நான் பார்த்ததே இல்லை.

அண்ணி திரையை விட்டுக் கண்ணெடுக்கவில்லை.

"அப்போ அந்தத் துளி வெளிச்சமே இதுக்குப் போதும்," என்றாள் மெதுவாக. "யாரும் இல்லாம தானா முழிக்குதுன்னு சொல்லிட்டிருந்தேன். தினமும் என்னைப் பாத்துத்தான் முழிச்சிருக்கு."

"நாளைக்கு என்ன சொல்லுவீங்க?"

"இதைத்தான்."

சொல்லிவிட்டு அழ ஆரம்பித்தாள். வாய்விட்டு, மூக்கை உறிஞ்சிக்கொண்டு, மேடமும் இல்லை ஒன்றும் இல்லை. நான் அவளைக் கட்டிக்கொண்டேன்.

"வேலை போயிடுமேன்னு அழறீங்களா அண்ணி?"

"அதுக்கும்தான்," என்றாள்.