கோணி ஊசி ஆறு

“சேட்டு பேரு எழுதினே, கயிறு விக்கிறவன் பேரு எழுதினே, எம் பேரை மட்டும் இன்னாத்துக்குப் பாய் எழுதல? நான் மன்ஷி இல்லியா?”

கெங்கம்மா போட்ட சத்தத்தில் கல்மண்டபத்துச் சந்தில் பாதி வீடுகளின் கதவு திறந்தது. மீதி வீடுகளில் ஏற்கெனவே திறந்துதான் இருந்தது.

“மெதுவா பேசு கெங்கம்மா. உள்ள பொண்ணு கீது.”

“எனக்குந்தான் பொண்ணு கீது! தை மாசம் கல்யாணம். இன்னும் ரெண்டு மாசங்கூட இல்ல. பேஜாரு பண்றியே பாய்!”

அமீருதீன் வாசற்படியில் தலையைக் குனிந்துகொண்டு நின்றார். கோணி வியாபாரி. போன மாதம் வரை என்று சேர்த்துச் சொல்ல வேண்டும். அவர் ஹைகோர்ட்டில் மஞ்சள் கடுதாசி கொடுத்து நாற்பது நாள் ஆகிறது. கொரியாவில் சண்டை என்று கோணி விலை ஏறிக்கொண்டே போனபோது, கண்ணில் பட்டவரிடமெல்லாம் கடன் வாங்கிக் கிடங்கு கொள்ளாமல் அடுக்கினார். அடுத்த வருஷம் விலை விழுந்தது. கடன்காரர்கள் சிவில் ஜெயிலில் தள்ளுவோம் என்று வந்து நின்றார்கள். என்னால் கட்ட முடியாது, இருப்பதை எடுத்துப் பங்கு போட்டுக்கொள்ளுங்கள் என்று இவர் கடன்காரர்கள் பெயரெல்லாம் எழுதிக்கொண்டு கோர்ட்டில் போய்ச் சொல்லிவிட்டார். அன்றிலிருந்து, தொட்டால் கை உப்புப் பூக்கும் ராயபுரத்துக் காற்றைத் தவிர யாரும் அவரைத் தொட முடியாது. கையில் கோர்ட்டு கொடுத்த பாதுகாப்புக் கடுதாசி இருந்தது.

கோர்ட்டு ஆள் வீட்டுக்கு வந்து கணக்கெடுத்த அன்று சந்தே அடுப்பை அணைத்துவிட்டு வந்து பார்த்தது. கிடங்குச் சரக்கு போயிற்று, கைவண்டி போயிற்று, சுவர்க் கடிகாரமும் போயிற்று. உடுத்தும் துணி, படுக்கை, சமையல் பாத்திரம், தொழில் சாமான் எல்லாமாக முந்நூறு ரூபாய்க்கு மேல் போகாமல் இருந்தால் கை வைக்கமாட்டார்களாம். அந்த ஆள் சத்தமாகச் சொல்லியே எழுதினார்: “தையல் மிஷின் ஒண்ணு. கோணி ஊசி ஆறு. அண்டா ஒண்ணு.” அண்டா அவர் மனைவி சாபிராவுடையதா, அவள் நாத்தனாருடையதா என்று எதிர்வீட்டில் இன்னும் பேச்சு ஓயவில்லை.

கோணி ஊசி ஆறு அல்ல, ஐந்துதான். ஆறாவது கெங்கம்மா தன் வீட்டிலிருந்து கொண்டுவந்தது. அமீருதீன் திருத்தவில்லை. ஊசிதானே.

அவள் மூன்று வருஷமாக அவருக்குக் கிழிந்த கோணி தைத்தாள். வாரக் கூலியில் பாதியை வாங்கிக்கொண்டு மீதியை அவரிடமே விட்டுப் போவாள். மதுவிலக்கு வந்தாலும் அவள் புருஷன் மண்ணாங்கட்டிக்குத் தாகம் போகவில்லை. வீட்டில் பணம் இருந்தால் மோப்பம் பிடித்துவிடுவான். “நீயே வெச்சுக்கோ பாய், ராஜாத்தி கல்யாணத்துக்குக் குடு” என்பாள். அமீருதீனுக்கு அது கடன் அல்ல, அமானிதம். பிறர் நம்பி வைத்த பொருள், காப்பது கடமை. இருநூற்றுப் பத்து ரூபாய் சேர்ந்தது. போன வருஷம் அதை எடுத்துத்தான் அந்தத் தையல் மிஷினை வாங்கினார். இரண்டு மாதத்தில் திருப்பி வைத்துவிடுவதாக இருந்தார்.

வக்கீல் குமாஸ்தா யேசுதாஸ், “வேற யாருக்காவது தரணுமா?” என்று கேட்டபோது இல்லை என்றார். அமானிதம் எப்படிக் கடனாகும்? ரூபாய்க்கு இரண்டணாப் பங்கு வாங்கச் சேட்டுகளோடு அவளை வரிசையில் நிறுத்துவதா? எழுதாமல் விட்டால் முழுசாகத் தர வேண்டிய பொறுப்பு தன் தலையில் நிற்கும் என்று நினைத்தார். நல்ல காரணம்தான். அதற்கு அடியில் இன்னொன்றும் இருந்தது: எழுதினால், பணம் எங்கே என்று கேட்பார்கள்.

கெங்கம்மா கத்திவிட்டுப் போன மறுநாள் யேசுதாஸிடம் போனார்.

“எழுதலன்னா நிக்கும்னு யார் பாய் சொன்னது?” யேசுதாஸ் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். “கோர்ட்டு உன்னை விடுவிச்சா, எழுதின கடனும் போச்சு, எழுதாததும் போச்சு. கூலின்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, கடைசி நாலு மாசத்துதாவது சேட்டுங்களுக்கு முன்னாடி அவளுக்குக் கெடச்சிருக்கும்.”

“இப்ப எழுதலாமா?”

“பேஷா. பணம் எங்க போச்சுன்னு கேப்பாங்க. இன்னா சொல்லுவே?”

அமீருதீன் எழுந்துகொண்டார்.

“மறைச்சேன்னு ஆச்சுன்னா அந்தப் பாதுகாப்புக் கடுதாசியும் போயிடும். யோசிச்சு வா.”

யோசித்தார். ஹைகோர்ட்டிலிருந்து கல்மண்டபம் வரை நடந்தே யோசித்தார். வீட்டில் சாபிரா, “இன்னா சொன்னாரு?” என்றாள். “இன்னும் நாள் கீதாம்” என்றார். பிறகு அந்தப் பக்கமே போகவில்லை.

கெங்கம்மாவும் வேலைக்கு வரவில்லை. அவள் பாதி தைத்த கோணி கொல்லையில் கிடந்தது, வாயோரத்தில் அவள் ஊசி குத்தியபடி. இரண்டு வீடு தள்ளி இருந்தவளுக்குக் கேட்கக்கூடாதென்று அவர் மிஷினுக்கடியில் சாக்கு மடித்து வைத்து மிதித்துக் கூலிக்குத் தைத்தார். ஆனாலும் அது கடகடவென்று சந்து முழுக்கச் சொல்லிக்கொண்டுதான் இருந்தது.

ஒருநாள் சாபிரா சோற்றை வைத்துவிட்டு, “அந்த மிஷினை அவகிட்டயே குடுத்துடுங்களேன்” என்றாள்.

“அப்பறம் சோறு?”

அவள் தட்டைப் பார்த்தாள். அவரும் பார்த்தார். சாப்பிட்டார்.

தையில் ராஜாத்திக்குக் கல்யாணம் நடக்கவில்லை. துறைமுகத்தில் வேலை பார்த்த பையன் வீட்டார் வேறிடம் பார்த்துக்கொண்டார்கள். வைகாசியில் வியாசர்பாடியில் முதல் தாரத்துப் பிள்ளையோடு இருந்த ரயில்வே வேலைக்காரன் ஒருவனுக்கு அவளைக் கொடுத்தார்கள். கெங்கம்மாவும் மகளோடு போய்விட்டாள், மண்ணாங்கட்டியையும் இழுத்துக்கொண்டுதான். வண்டியில் சாமான் ஏற்றிய அன்று அவள் அமீருதீன் வீட்டுப் பக்கம் திரும்பவில்லை. அவர் ஜன்னலுக்குப் பின்னால்தான் நின்றிருந்தார் என்பது எதிர்வீட்டுக்குத் தெரியும். அந்த ஆவணியில் கோர்ட்டு அவரை விடுவித்தது. அடுத்த வருஷம் மகள் ஜீனத்துக்கு வண்ணாரப்பேட்டையில் நிக்காஹ். மிஷின் சம்பாதித்த பணம்தான், பிரியாணிக்குக் குறைவில்லை.

கொல்லையில் அந்தக் கோணி அப்படியே கிடக்கிறது. உப்புக்காற்றில் ஊசி சிவந்து, சணலோடு ஒட்டிப்போயிற்று. ஊசி வேண்டும்போதெல்லாம் அமீருதீன் டப்பாவைத் திறந்து ஒன்று, இரண்டு என்று ஐந்து வரை எண்ணி, ஒன்றை எடுத்துக்கொண்டு மூடி வைக்கிறார்.